கிரகணத்துக்கு ஒரு கணக்கு, சனிக்கு ஒரு கணக்கு

சனி 2025 மார்ச் 29 அன்று கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6 அன்றுதான் பெயர்வார் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்றது. முதல் தேதியில் தங்களிடம் பெயர்ச்சி விழா கிடையாது என்று சொல்லிவிட்டது. ஜோதிடர்களுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. இரண்டு தேதிக்கும் பலன் எழுதினார்கள். இது ஒருமுறை நேர்ந்த குழப்பமும் அல்ல. அதற்கு முந்தைய பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. அதற்கும் முந்தையது 2020 ஜனவரி 24, 2020 டிசம்பர் 27. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ பதினோரு மாத இடைவெளி.

பெயர்ச்சியால் யாருக்கு என்ன ஆகும் என்பது இங்கே பேச்சில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும். என் கேள்வி அதைவிடச் சின்னது. சனி வெறுங்கண்ணுக்குத் தெரியும் கிரகம். மினுக்காமல், மங்கிய மஞ்சளாக, ஆண்டில் பல மாதங்கள் இரவு வானில் நிற்கும். அதைப் பார்க்கத் தொலைநோக்கியும் வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு கணக்குகள் பதினோரு மாதம் முரண்பட்டால், மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே. அந்த யோசனை ஏன் யாருக்கும் வருவதில்லை?

வாக்கியத்துக்காக வாதாடுகிறவர்கள் ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள். ராசிகளின் எல்லைக்கு வானத்தில் கல் நட்டு வைத்திருக்கவில்லை. மீனம் எங்கே தொடங்குகிறது என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. ராசிகளின் தொடக்கத்தைக் குறிக்கிற அயனாம்சம் கொஞ்சம் மாறினால் பெயர்ச்சித் தேதியும் மாறும். ஆகவே எது சரி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரியான வாதம்தான். ஆனால் எல்லைக்கோடே தேவைப்படாத ஒரு சோதனை உண்டு. இரண்டு கிரகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, அவற்றுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பதற்கு எந்த அயனாம்சமும் வேண்டியதில்லை.

அப்படியொரு மாலை 2020 டிசம்பர் 21 அன்று வாய்த்தது. குருவும் சனியும் ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும். அன்றைக்கு வந்தது 1623-க்குப் பிறகு மிக நெருக்கமான சந்திப்பு. சூரியன் மறைந்ததும் தென்மேற்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இடைவெளி பாகையில் பத்தில் ஒரு பங்கு. முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன.

அந்த மாலைக்கு வாக்கியக் கணக்கு என்ன சொல்லியிருந்தது? குரு நவம்பர் நடுவிலேயே மகரத்துக்கு வந்தாயிற்று. சனி டிசம்பர் 27 வரை தனுசிலேயே. அந்த நாட்களில் குரு ஐந்து நாளுக்கு ஒரு பாகை வீதம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆக மகரத்துக்குள் ஏழு பாகை அளவுக்குப் போயிருக்க வேண்டும். சனியோ எல்லைக்கு இந்தப் பக்கம் முக்கால் பாகை பின்னால். கூட்டிக் கழித்தால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழரைப் பாகை. (சனிக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள உறவு பழையது.) ஏழரைப் பாகை என்றால் பதினைந்து முழுநிலவுகளை வரிசையாக அடுக்குகிற இடைவெளி. இன்னொரு விதமாகப் பார்த்தால், இரண்டின் சராசரி வேகப்படி வாக்கியக் கணக்கில் இந்தச் சந்திப்பு ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். வானத்தில் அது அன்றுதான் நடந்தது. ஊரே பார்த்தது. பார்த்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒப்பிட்டார்கள்?

இதைச் சொல்வதால் வாக்கிய முறையை யாரும் ஏளனமாக எண்ணிவிடக் கூடாது. மனிதர் கண்டுபிடித்த கணக்கு முறைகளில் மிக அழகானவற்றில் அது ஒன்று. பூமிக்கு மிக அருகில் வந்த நிலா மறுபடி அதேபோல் அருகில் வர 27.55 நாளாகும், அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நிலா நகர்கிற தூரத்தைக் கணித்து, ஒவ்வோர் எண்ணையும் கடபயாதி முறையில் எழுத்தாக்கி, பொருள் தருகிற சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கோத்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். வரருசியின் பெயரில் வழங்குகிற வாக்கியங்கள் அவை. ஓலையும் எழுத்தாணியும் இல்லாமலே ஒருவர் நிலாவின் இடத்தைச் சொல்லிவிடலாம். சைன் தொடர்களுக்குப் பெயர்பெற்ற கேரளக் கணிதர் மாதவர் அவற்றை இன்னும் நுட்பமாக்கினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த வாக்கியகரணம் என்ற நூல் மற்றக் கிரகங்களுக்கும் இதே வழியைக் காட்டியது.

இதை நேரில் கண்டு வியந்தவர்களில் லெ ஜான்தி ஒருவர். 1769-இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்காகவே புதுச்சேரியில் காத்துக் கிடந்த பிரெஞ்சு வானியலாளர். அன்று மேகம் மூடிவிட்டது; மனிதர் நொந்துபோனார். ஆனால் அங்கே இருந்த நாட்களில் ஒரு தமிழர் சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கிரகணம் கணிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி கூடுதலாகவும் இருந்ததைக் குறித்துவைத்தார். 1825-இல் ஜான் வாரன் புதுச்சேரியில் இதேபோல் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழியை வைத்துச் சந்திர கிரகணம் கணிப்பதைப் பார்த்தார். அந்தக் கணக்கை 20-ஆம் நூற்றாண்டில் அறிவியல் வரலாற்றாசிரியர் நோய்கபாவர் சரிபார்த்தபோது, கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியிருந்தது. முடிவு 52 நிமிடம் பிசகியிருந்தது. எழுதாமல், நினைவை மட்டும் நம்பிச் செய்த கணக்குக்கு இது அபாரம். ஆனாலும் 52 நிமிடம் 52 நிமிடம்தான்.

பிழை எங்கிருந்து வந்தது? சனியையே எடுத்துக்கொள்வோம். வாக்கியகரணம் ஆரியபட்டர் வழி வந்த நூல். ஆரியபட்டர் 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு யுகத்தில் 157,79,17,500 நாட்கள் என்றும், அதற்குள் சனி 1,46,564 சுற்று முடிக்கிறது என்றும் வைத்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 10,766.06 நாள். இன்று அளந்து கண்டது 10,759.2 நாள். வித்தியாசம் ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. இருபத்தொன்பதரை ஆண்டு ஓடுகிற ஓட்டத்தில் ஒரு வாரம்! ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் முடிவில் ஒருவர் இதைச் சாதித்தார் என்பதற்காக எழுந்து நின்று கைதட்டலாம். ஆனால் ஆரியபட்டீயம் எழுந்த 499-க்குப் பிறகு சனி ஐம்பத்தோரு சுற்றுக்கு மேல் போய்விட்டது. ஐம்பத்தொன்றை ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவான அந்த எண்ணால் பெருக்குங்கள். 349 நாள். பதினொன்றரை மாதம். நடுவில் பழைய கணிதர்கள் சேர்த்த திருத்தங்கள் உண்டு, அயனாம்ச வேறுபாடும் உண்டு; அதனால் இது தோராயம்தான். ஆனால் திருநள்ளாற்றுத் தேதிக்கும் திருக்கணிதத் தேதிக்கும் இடையிலுள்ள பதினோரு மாதம் எங்கே முளைத்தது என்று இந்தப் பெருக்கல் காட்டிவிடுகிறது.

ஒரு வாரப் பிழை ஒரு மனிதனின் கண்ணுக்கு அகப்படாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒருவர் பிறந்ததிலிருந்து சாகும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சனியின் இரண்டு சுற்றைப் பார்ப்பார். தீர்க்காயுள் என்றால் மூன்று. அத்தனைக்கும் அது நடுவில் பின்னோக்கிப் போகும், நிற்கும், சூரியன் அருகே வாரக்கணக்கில் மறையும். பாட்டன் எழுதிவைத்ததைப் பேரன் எடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்பாட்டை வைத்துப் பொருத்தினால்தான் பிழை தலைகாட்டும். வெறும் பார்வையால் இது ஆகாது. பார்வையை விட்ட வெறும் கணக்காலும் ஆகாது.

நம் பழைய கணிதர்களுக்கு இது தெரியாததல்ல. நிளா ஆற்றங்கரையில் வாழ்ந்த வடசேரி பரமேசுவரர் 1393-இலிருந்து கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய எண்கள் வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-இல் திருக்கணிதம் என்ற நூலையே எழுதினார். அவர் ஐம்பத்தைந்து ஆண்டு வானத்தை நோக்கினார் என்று நீலகண்ட சோமயாஜி குறிப்பிடுகிறார். அந்த நீலகண்டர் இன்னும் ஒருபடி மேலே போனார். ஜோதிர்மீமாம்சை என்ற நூலில், சித்தாந்தங்கள் தெய்வ அருளால் வந்தவை, ஆகவே மாற்றக் கூடாதவை என்ற எண்ணத்தைக் கண்டித்து, காலத்துக்குக் காலம் பார்த்துத் திருத்துவதுதான் சாத்திரத்தின் வழி என்று வாதிட்டார். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது இது. எனவே திருக்கணிதம் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்றும், வாக்கியம்தான் மரபு என்றும் நம்மூரில் சொல்லப்படுவதில் வரலாறு இல்லை. மரபு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே தன்னைத் திருத்திக்கொண்டது. திருத்தத்தை ஏற்காமல் நின்றுபோனது ஒரு கிளைதான்.

பரமேசுவரருக்கு நூறாண்டு கழித்து ஐரோப்பாவில் நடந்ததை நம் 2020 டிசம்பரோடு வைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கும். 1563 ஆகஸ்டில் அதே குருவும் அதே சனியும் சந்தித்தன. லைப்சிக்கில் படித்துக்கொண்டிருந்த டைகோ பிராகே என்ற பதினாறு வயதுப் பையன் அதைப் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல் அட்டவணைகளை எடுத்தான். முந்நூறு ஆண்டுப் பழைய அல்போன்சோ அட்டவணை ஒரு மாதம் தவறியிருந்தது. கோபர்நிக்கஸின் கோட்பாட்டை வைத்து 1551-இல் வந்த அட்டவணையும் சில நாள் தவறியிருந்தது. சூரியன்தான் நடுவில் என்ற சரியான கோட்பாட்டின் மேல் கட்டிய அட்டவணையே தவறலாம் என்பது இதில் கவனிக்க வேண்டியது. அதேபோல, பூமியை நடுவில் வைத்துக் கணிப்பதால்தான் வாக்கியம் பிசகுகிறது என்பதும் இல்லை. எண்களைப் புதுப்பித்துக்கொண்டே போனால் அந்தச் சட்டகத்திலேயே இன்னும் நெருங்கி வரலாம். அந்தப் பையன் மீதி வாழ்நாளை அளப்பதிலேயே கழித்தான். அவன் அளவுகளை வைத்துச் செவ்வாயைக் கணித்த கெப்ளர், எட்டுக் கலை, அதாவது நிலாவின் அகலத்தில் கால்வாசி அளவு, ஒட்டாமல் நின்றதைப் பொறுக்க மாட்டாமல் வட்டப்பாதையையே தூக்கி எறிந்தார். 1609-இல் நீள்வட்டம் வந்தது.

நியூட்டனுக்குப் பிறகும் சனி அடங்கவில்லை. பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டால் குரு விரைந்துகொண்டும் சனி தயங்கிக்கொண்டும் போவதாகத் தெரிந்தது. ஈர்ப்பு விதிக்கே இது ஒரு களங்கமாக இருந்தது. 1785-இல்தான் லாப்லாஸ் அவிழ்த்தார்: இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் சுமார் 900 ஆண்டில் ஒருமுறை போய்த் திரும்புகிற ஊசலாட்டம் அது. பொருந்தாததை ஒளித்து வைக்காமல் நூறாண்டு மேசை மேலேயே வைத்திருந்ததால் கிடைத்த விடை.

நம் பஞ்சாங்கத்துக்கு வருவோம். விநோதம் ஒன்று இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணித முறையில் எடுத்துப் போடுகின்றன. ஏன் கிரகணத்துக்கு மட்டும்? என் ஊகம் இது. கிரகணத்தை ஊர் பார்க்கிறது. கோயில் நடை சாத்துகிறார்கள், அடுப்பை அணைக்கிறார்கள், கர்ப்பிணிகள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், கடலில் முழுகுகிறார்கள். 2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய சூரிய கிரகணம் போனபோது பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியை வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். ஒன்பதரை மணிக்கு வளையம் என்றால் ஒன்பதரைக்குத் தெரிய வேண்டும். பத்தரைக்குத் தெரிந்தால் அந்தப் பஞ்சாங்கத்தை அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்? சனியை யாரும் பார்ப்பதில்லை. பயப்படுகிறோம், எள் விளக்கு ஏற்றுகிறோம், கோடிக்கணக்கில் செலவு செய்து திருநள்ளாற்றுக்குப் போய் வருகிறோம். நளதீர்த்தத்தில் முழுகி எழுந்தவர்களில் நூற்றுக்கு ஒருவராவது சனி எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுவாரா என்பது சந்தேகம். எங்கே தெருவின் கண் விழுகிறதோ அங்கே கணக்கு ஒழுங்காக இருக்கிறது; விழாத இடத்தில் 1,500 ஆண்டுப் பிழை நிம்மதியாகக் குடியிருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இது பஞ்சாங்கத்தோடு நின்றுவிடுகிற விஷயமும் இல்லை. அரசுத் திட்டங்களின் பயன் மதிப்பீடுகளையும் மழை முன்னறிவிப்பையும் இதே கண்கொண்டு பார்க்கலாம். மழைக்கணிப்பு நாளுக்கு நாள் தேறுவதற்கு, மறுநாள் காலையில் ஊரே அதைச் சோதித்துவிடுவதும் ஒரு காரணம்.

அதற்காகக் கண் சொல்வதெல்லாம் மெய் என்று கொடி பிடிக்கவும் நான் தயாரில்லை. அடிவானத்தில் எழும் பௌர்ணமி நிலா பெரிதாகத் தெரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கையை நீட்டி இரு விரலில் ஒரு மிளகைப் பிடித்தால் அதை ஏறக்குறைய மறைத்துவிடலாம். நள்ளிரவில் உச்சிக்கு வந்த பிறகும் அதே மிளகு போதும். சொல்லப்போனால் உச்சியில் இருக்கும்போதுதான் அது நமக்குக் கொஞ்சம் பக்கம். பூமி ஓடுகிறது என்பதற்கும் தினசரி அனுபவத்தில் சாட்சி கிடையாது. பூமி சூரியனைச் சுற்றினால் அருகிலுள்ள விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை சற்றே இடம் பெயர்ந்து தெரிய வேண்டுமே என்று கோபர்நிக்கஸின் எதிர்ப்பாளர்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்த அசைவை வானியலாளர் பெசல் அளந்தது 1838-இல்தான். முந்நூறு ஆண்டு கோட்பாடு கண்ணுக்கு முன்னால் ஓடியது.

எனவே எதைப் பார்க்க வேண்டும், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். உத்தராயணத்தையே பாருங்கள். தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று பாடப்புத்தகத்திலிருந்து பட்டிமன்றம் வரை சொல்கிறோம். டிசம்பர் நடுவிலிருந்து தை முதல் நாள் வரை மெரினாவில் ஒரே இடத்தில் நின்று சூரியோதயத்தைப் பார்த்தால் போதும். டிசம்பர் 21-ஐ ஒட்டி அது தென்கோடியைத் தொட்டுத் திரும்பிவிடும். பொங்கலன்று அங்கிருந்து தன்னுடைய அகலத்தைப்போல் நான்கு மடங்கு வடக்கே வந்திருக்கும். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில்தான் இருந்தன, சுமார் 1,700 ஆண்டுக்கு முன்னால். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகிவிட்டது. இதனால் பொங்கலை டிசம்பருக்கு மாற்ற வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நான் அவர் பக்கம் இல்லை. தை மாதம் எப்போது பிறக்கும் என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. விண்மீன்களை வைத்து மாதம் எண்ணுகிறோம், அது நம் இஷ்டம். சூரியன் இன்றைக்குத் திரும்புகிறான் என்பது ஏற்பாடு இல்லை. அது வானத்தைப் பற்றிய ஒரு கூற்று. பொய்யாகக்கூடியது, பொய்யாகியும் விட்டது. சனிப்பெயர்ச்சியிலும் இந்த இரண்டும்தான் குழம்பிக் கிடக்கின்றன. விழாவுக்கு எந்த நாள் என்பது கோயிலின் உரிமை. சனி எங்கே என்பதில் எவருக்கும் உரிமை கிடையாது.

திருத்தப் பார்த்தவர்கள் சென்னையிலும் இருந்தார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை ஒரு பண்டிதருக்கும் ஒரு சித்தாந்திக்கும் நடக்கும் உரையாடலாக எழுதி இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கமும் போட்டார். பிறகு 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. 1957-இல் தேசிய நாட்காட்டி வந்தது. அது இன்று வானொலிச் செய்தியின் முதல் வரியிலும் அரசிதழிலும் வாழ்கிறது. மேலிருந்து ஆணையாக வந்ததால்தான் அது வீட்டுக்குள் நுழையவில்லை என்று நினைக்கிறேன். யாரும் அதைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளவில்லை.

பஞ்சாங்கம் போடுகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எந்த முறைக்காரராக இருந்தாலும் சரி, மாதம் ஒரு நாள், ஒரு மணி குறித்து, சனியும் குருவும் எந்த விண்மீனுக்குப் பக்கத்தில், எத்தனை பாகையில் தெரியும் என்று ஒரு வரி அச்சிடட்டும். எட்டாம் வகுப்பு ஆசிரியர் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். நீட்டிய கையின் முஷ்டி பத்துப் பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை என்று சொல்லிக் கொடுத்தால் மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். குருவும் சனியும் அடுத்துச் சந்திப்பது 2040-இல். அந்தச் சந்திப்பு எந்த நாளில் என்று இரண்டு பஞ்சாங்கங்களும் இப்போதே தங்கள் கணக்குப்படி எழுதி வைக்கலாம். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கிறவர்களுக்கு அன்று முப்பது வயதுகூட ஆகியிருக்காது.